இந்தத் தோள்பட்டி எதுக்கு?

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. தையல்காரர் அளவு நாடாவை நெஞ்சில் வைத்ததுமே விறைத்துக்கொள்வார்கள். குதிகால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், நெஞ்சு முன்னுக்கு வரும், அதுவரை இருந்த வயிறு எங்கே போனதென்றே தெரியாது. எஸ்டேட்டில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரிசையில் நின்று, வேலை வாங்கும் மண்டோர் பெயர் கூப்பிடும்வரை அசையாமல் காத்திருந்த பழக்கம் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கிவிட்டது போலும். பெரட்டில் ஒருநாள்கூட நிற்காதவன், ரவாங்கில் குளுகுளு ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்கிறவன், அவனும் அப்படித்தான் நிற்பான்.

மற்ற தையல்காரர்களுக்கு இது வசதி. ஆள் ஆடாமல் அசையாமல் நின்றால் வேலை சுருக்காக முடியும். எங்கள் டவுன் தையல்கார அக்காவுக்கு மட்டும் இது ஆகாது. நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெட்டும் மேசையில் சாய்ந்துகொள்வார்.

"மூச்ச விடுங்க."

விடமாட்டார்கள். அக்காவும் அவசரப்படமாட்டார். பேச்சை வேறு பக்கம் திருப்புவார். அவர்கள் லயத்து வீடுகளில் தண்ணீர் வருகிறதா, தங்கச்சிக்கு வரன் அமைந்ததா, தஞ்சோங் காராங் ரோட்டில் இன்னும் தோண்டிப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பேச்சு சுவாரஸ்யத்தில் ஆள் தன்னை மறந்து தோளைத் தொங்கப் போட்டதும் நாடா பாய்ந்துவிடும்.

"இதாங்க உங்க அளவு. மொதல்ல நின்னது வேற யாரோ."

கோலசிலாங்கூர் டவுனில் நான் கணக்குப் பார்த்த ஹார்ட்வேர் கடைக்கு அடுத்தது அவருடைய தையல் கடை. மத்தியானம் கட்டுச் சோற்றை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். எங்கள் கடையில் பெயிண்ட் வாடை, அவர் கடையில் புதுத் துணி வாடை. ஐம்பதைத் தாண்டியவர், மூக்குக் கண்ணாடிக்கு எலாஸ்டிக் கட்டியிருப்பார். டவுனில் எல்லோருக்கும் அவர் அக்காதான். என் மாமியார் வயதுள்ளவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

தைக்கக் கொடுக்கிற துணியைச் சும்மா வாங்கி வைக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அதைப் பற்றி ஏதாவது கேட்டே ஆகவேண்டும். அதிலும் ராணுவச் சாயல் அடிக்கிற எதையாவது கொண்டுபோனால் தொலைந்தோம். ஒருமுறை கல்யாண டின்னருக்குப் போட ஒரு பையன் சட்டை மாதிரி காட்டினான். தோள் இரண்டிலும் பட்டி வைத்து, பித்தளைப் பொத்தான் போட்ட சட்டை.

"இந்தத் தோள்பட்டி எதுக்கு?"

"ஸ்டைலுக்குக்கா."

"அது தெரியுது. மொதல்ல எதுக்கு வச்சாங்க?"

அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. துப்பாக்கி வாரும் பை வாரும் தோளிலிருந்து நழுவாமல் இருக்க வைத்தது என்று அக்காதான் சொன்னார். "டின்னருக்கு என்னா தூக்கிட்டுப் போற? மொய்க் கவரா?" என்றார். பையன் சிரித்துவிட்டு, சரி பட்டி வேண்டாம் என்றான். மிஞ்சிய துணியில் உள்பக்கம் ஒரு பாக்கெட் வைத்துக் கொடுத்தார். மொய்க் கவர் சரியாக உட்காரும் அளவு.

இன்னொரு பெண் கைப்பேசியில் படம் கொண்டுவந்தாள். கறுப்புக் கோட்டு, நெஞ்சில் வரிசையாகப் பதக்கங்கள். ஏதோ பெரிய கம்பெனியின் மாடல், விலையைக் கேட்டால் மயக்கம் வரும். அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. இதெல்லாம் ஒனக்கு எதுக்குக் குடுத்தது?"

அந்தப் பெண் கைப்பேசியைத் திரும்ப வாங்கப் பார்த்தாள். அக்கா விடவில்லை. பதக்கம் என்றால் ஏதாவது செய்திருக்க வேண்டுமே, யோசி என்றார். அரை மணி நேரம் உட்கார்ந்து யோசித்ததில் நான்கு தேறின. மூன்று தடவை தோற்று நான்காவது தடவை லைசென்ஸ் எடுத்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இருபது நாள் நாற்காலியிலேயே தூங்கியது. மேனேஜர் மேலே கைவைக்க வந்தபோது எல்லார் முன்னாலும் சத்தம் போட்டது. நான்காவதை அக்காவின் காதில் மட்டும் சொன்னாள், அதனால் எனக்குத் தெரியாது. பெரிய பெரிய பொத்தான்களுக்கு நாலு நிறத் துணி சுற்றி அக்கா நான்கு பதக்கம் தைத்தார். படத்தில் ஆறு இருக்கிறதே என்று அந்தப் பெண் இழுத்தாள். "மீதி ரெண்டும் வரும்போது வா, காசு வேணாம்" என்று அனுப்பிவிட்டார்.

இப்படி வியாபாரம் செய்தால் விளங்குமா? நான் தலையில் அடித்துக்கொள்வேன். கேட்டதைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போகாமல் இதென்ன விசாரணை என்று சண்டைகூடப் போட்டிருக்கிறேன். அக்காவின் புருஷன் ஆர்மியில் இருந்து ஓடிப்போனவன், அதனால்தான் இந்தக் காய்ச்சல் என்று டவுனில் ஒரு கதை உலவியது. ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"எங்க வீட்ல ஒருத்தரும் ஆர்மில இல்லம்மா. எனக்கு அவங்க மேல கோவமும் இல்ல. அவங்க வேலைக்கு அவங்க போடறாங்க, போடட்டும். மீன் வாங்கப் போறவனுக்கு எதுக்குன்னுதான் கேக்கறேன். போட்டுக்கிட்டா நடையே மாறிடுதுலா, பாத்துருக்கியா நீ?"

பார்த்திருக்கிறேன். என் வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அன்றைக்கு அக்காவிடம் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். வேலை முடிந்து குளித்ததும் ஆர்மி சாயலில் ஒரு பேண்ட், பூட்ஸ், தொப்பி. அசல் ஆர்மி துணியை வெளியாள் போட்டால் போலீஸ் வம்பு என்பதால் கொஞ்சம் மாறுபட்ட புள்ளி போட்ட துணியாகத் தேடிப் பிடித்து வாங்குவார். நான்தான் மடிப்புக் கலையாமல் அயர்ன் பண்ணிக் கொடுப்பேன். கல்யாணமான புதிதில் அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. எஸ்டேட் மாரியம்மன் கோயில் தொண்டர்களுக்கு இவர்தான் தலைவர். திருவிழா மூன்று நாளும் கழுத்தில் விசில் தொங்கும்.

ஒரு வருஷம் திருவிழா முடிந்த வாரம். அக்கா கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குலை வெட்டும் ஆள் ஒருவர் பிளாஸ்டிக் பையோடு வந்தார். பையில் ஒரு வெள்ளைச் சட்டை, பாக்கெட்டிலிருந்து கீழ்வரை கிழிந்திருந்தது.

"புதுச் சட்டக்கா. திருநாளுக்குன்னு வாங்குனது. தைக்க முடியுமா?"

"யாரு கிழிச்சா?"

"கோயில் ஆளுங்கதான். கொஞ்சம் குடிச்சிருந்தேன், இல்லன்னு சொல்லல. சோத்துக்கு வரிசைல நின்னப்போ, எந்த நாட்டு மேலடா சண்டைக்குப் போறீங்கன்னு சும்மா கேட்டேங்க்கா, வரிசையே சிரிச்சிடுச்சு. அந்தத் தலைவரு காலரப் புடிச்சி இழுத்து, என் மவ முன்னாடியே ரெண்டு அறை விட்டாரு."

நான் சோற்றைவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. அந்த ஆளுக்கு நான் யாரென்று தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டையை மடித்து வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். ஆள் போன பிறகு, "சாப்புடும்மா, ஆறிப்போவுது" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்கிற மனுஷி என்னை மட்டும் ஒன்றும் கேட்காமல் விட்டதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இவர் அக்காவிடமே போய் நின்றார். தொண்டர்கள் பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஆர்மி உடுப்பு வேண்டுமாம். தோள்பட்டி, நெஞ்சில் இரண்டு பாக்கெட், முதுகில் கோயில் பெயர். அக்கா முடியாது என்பார் என்று நினைத்தேன். அவர் சரி என்றார்.

"ஆனா எல்லாரும் நேர்ல வரணும் தம்பி."

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேரும் கடை வாசலில் வரிசையாக நின்றார்கள். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

"கோயில்ல நீங்க என்னா வேல செய்வீங்க?" என்று அக்கா முதல் ஆளைக் கேட்டார்.

"கண்ட்ரோல் பண்ணுவோங்க்கா."

"எப்டி? செஞ்சு காட்டு. செய்யற மாதிரி நின்னாத்தான் அளவு சரியா வரும்."

அவன் கையை நீட்டி, யாரையோ தடுப்பதுபோல் நின்றான். அக்கா அக்குளிலிருந்து இடுப்புவரை அளந்தார்.

"சரி. வேற?"

"கூட்டத்தத் தள்ளுவோம்."

"தள்ளு. ம். வேற?"

வேறு ஒன்றும் அவனுக்குத் தோன்றவில்லை. அடுத்தவனுக்கும் அதேதான். நாலாவது ஆள் கொஞ்சம் வெகுளி. "நான் சோத்து அண்டா தூக்குவேங்க்கா" என்றான். "அப்பாடா, ஒருத்தனாவது வேல செய்யறான். தூக்கிக் காட்டு" என்றார் அக்கா. அவன் அண்டாவுக்குப் பதில் தையல் ஸ்டூலைத் தூக்கக் குனிந்தான். போட்டிருந்த ஆர்மி பேண்ட் பின்னால் டர்ரென்று பிரிந்தது. கடையே சிரித்தது. "பாத்தியா, இது நிமிந்து நிக்கறதுக்குத் தச்சது, குனியறதுக்கு இல்ல" என்றார் அக்கா. இவர் மட்டும் சிரிக்கவில்லை.

கடைசியில் இவர் முறை. குதிகால் ஒட்டியது, நெஞ்சு புடைத்தது. அக்கா நாடாவோடு மேசையில் சாய்ந்தார்.

"மூச்ச விடுங்க தம்பி."

இவர் விடவில்லை. அக்கா வழக்கம்போல் லோரியைப் பற்றிக் கேட்டார், மழையைப் பற்றிக் கேட்டார். ஒரே வார்த்தையில் பதில் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி வந்து ரவிக்கை வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். கடைசியில், "எடுக்கறீங்களா இல்லியா?" என்றார் இவர்.

"மூச்சு விட்டா எடுக்கறேன்."

இவர் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கிள்ளானில் ரெடிமேடாகவே பன்னிரண்டு உடுப்பு வாங்கியாகிவிட்டது. ஏதோ ஒரு அளவு.

மறுநாள் நான் அக்காவிடம் கத்தினேன். பத்தொன்பது வயதில் இவர் ஆர்மியில் சேர ஆசைப்பட்டு ஆளெடுப்புக்குப் போயிருந்தார். நெஞ்சளவு இரண்டு சென்டிமீட்டர் குறைகிறது என்று எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பினார்கள். லயமே திரண்டு வழியனுப்பிய பிள்ளை மத்தியானமே திரும்பி வந்தான். இன்றுவரை இவர் எந்த நாடாவுக்கு முன்னாலும் மூச்சு விட்டதில்லை. டாக்டரிடம்கூட.

"இது தெரியாம எல்லார் முன்னாடியும் நிக்க வச்சிட்டீங்களே அக்கா!"

 அக்கா மேசையில் கிடந்த, துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்து விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "தெரியாமப் போச்சேம்மா" என்றார். அவ்வளவுதான். அதோடு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

திருவிழா இரண்டாம் நாள், சாயங்காலம் நாலு மணி. கோயில் வாசலில் இவரும் பையன்களும் புது உடுப்பில் நின்று உடை பார்த்து ஆள் விட்டுக்கொண்டிருந்தார்கள். முட்டிக்கு மேல் கால்சட்டை போட்டவன் வெளியே, கையில்லாத ரவிக்கை போட்டவள் துண்டு போர்த்திக்கொண்டு உள்ளே. நானும் என் மகளும் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றோம். எங்களுக்கு நாலு பேர் முன்னால் அக்கா.

முதலில் தலையில் வைத்திருந்த மல்லிகையைத்தான் பார்த்தேன். பிறகுதான் சேலை கண்ணில் பட்டது. மெல்லிய துணி, உடம்பு முழுக்க ஆர்மி புள்ளி. பச்சை, மண் நிறம், கறுப்பு. சாதாரணமாகக் கோயிலுக்குக் கட்டுகிற மாதிரியே கொசுவம் வைத்துக் கட்டியிருந்தார். ரவிக்கைத் தோளில் பட்டி. அதற்குள் முந்தானையை நுழைத்துப் பொத்தான் போட்டிருந்தார். பின்னால் நின்ற பெண்கள் கிசுகிசுக்கத் தொடங்கினார்கள். அவர் தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நகர்ந்தார்.

இவர் கையை நீட்டித் தடுத்தார்.

"என்னாக்கா இது?"

"சேல தம்பி."

"இந்தத் துணியெல்லாம் கோயிலுக்கு ஆவாதுக்கா. கமிட்டி ரூல் இருக்கு. சாமி கும்புடற எடம்லா."

"எந்தத் துணி?"

"இந்த ஆர்மி துணி..."

சொல்லி முடிக்கும்போதே இவருக்கு விளங்கிவிட்டது. பின்னால் பதினோரு பேர் அதே துணியில் நின்றார்கள். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது. அண்டா தூக்கும் அந்தப் பையன்கூடக் குனிந்து தன் சட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

இவர் முகம் எனக்குத் தெரியும். சிவக்காது, இறுகும். நீட்டிய கை விரல்கள் மடங்கின. போன வருஷமும் ஒரு சிரிப்பில்தான் ஆரம்பித்தது. என் மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நான் தட்டை அவளிடம் கொடுத்துவிட்டு முன்னால் போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். 

அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்தார். விளையாட்டாகத்தான் கேட்டார், அது எனக்குத் தெரியும்.

"நீ சொல்லும்மா. பக்கத்துக் கடக்காரி, பொய் சொல்ல மாட்ட. இந்தச் சேலயப் பாத்தா பயமா இருக்கா ஒனக்கு?"

"சேலயப் பாத்து இல்லக்கா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாயில் வந்துவிட்டது.

"இவரப் பாத்துதான்."

யாரும் சிரிக்கவில்லை.  இவர் என்னைப் பார்த்தார், பிறகு கையை இறக்கி ஓரமாக நகர்ந்தார். அக்கா உள்ளே போய், ஒரு ஓரத்தில் நின்று சாமி கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வேறு வழியாகப் போய்விட்டார். ஜெயித்துவிட்ட முகமாக அது இல்லை.

மறுநாள் காலையிலேயே ஹார்ட்வேர் கடைக்கு வந்து நின்றார். ஆணி எடைபோடும் தராசுக்குப் பக்கத்தில், சாதாரண நூல் சேலையில்.

"நான் அந்தத் துணியத்தான் கேள்வி கேக்கலாம்னு வந்தேன். ஒன்ன மாட்டி வுட்டுட்டேன். வீட்ல என்னா?"

"பேசலக்கா."

"நான் வந்து பேசட்டா?"

"வேணாம்."

அவர் தலையாட்டினார்.  எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. கூடவே, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் அக்கா தன் மகள் வீட்டோடு செரண்டா பக்கம் போய்விட்டார். அவர் கடையில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். ஆர்மி புள்ளி போட்டதும் அதில் உண்டு, நன்றாக விற்கிறதாம். ஏன் வாங்குகிறாய் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

அக்காவைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஆட்கள் அந்தச் சேலையைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு ஞாபகம் வருவது அதற்கு மூன்றாம் நாள் சாயங்காலம். இவர் வேலையிலிருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் நின்றேன். மூன்று நாளில் முதல் பேச்சு.

"எப்பேருந்து பயம்?"

சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்ல எல்லாம் தயாராக வைத்திருந்தேன். கையில் இருந்த செம்பைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன்.

"போன வருஷத் திருநாள்லேருந்து. அந்த ஆள அடிச்சிட்டு வந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி சோறு போடுன்னீங்க. நானும் போட்டேன். அன்னிலேருந்து."

ஒரு பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். இன்னொன்றைக் கழற்றாமல் அப்படியே இருந்தார்.

"பாப்பாவுக்குமா?"

 இல்லை என்று சொல்லத்தான் பார்த்தேன். அதற்குள் உள்ளே, கதவுக்குப் பின்னால் இருந்து, மகளே பதில் சொன்னாள்.

"ஆமாப்பா."